ஆசைப்பட்டுச் செய்கிறவனுக்குக் கூலி எதற்கு?

ஒரு வார்த்தைக்கு அரை சென்ட்.

1920, 30-களில் அமெரிக்காவில் மலிவு விலைப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதிய பலருக்குக் கூலி இப்படித்தான் கணக்கிடப்பட்டது. கற்பனைக்கோ, ராத்திரி கண் விழித்ததற்கோ தனி ரேட் கிடையாது. வார்த்தைகளை எண்ணு, பெருக்கு, செக்கை எழுது. கொஞ்சம் நல்ல பத்திரிகை என்றால் ஒரு சென்ட். ரொம்ப நல்ல பத்திரிகை என்றால் இரண்டு, மூன்று. 'தேவதை' என்று எழுதினாலும் ஒரே காசு, 'திருட்டுப் பயல்' என்று எழுதினாலும் அதே காசு!

இந்தப் பத்திரிகைகளுக்கு 'பல்ப்' என்று பெயர். எரிகிற பல்ப் இல்லை, மரக்கூழ். அந்தக் கூழிலிருந்து செய்த மட்டமான தாளில் அச்சானதால் அந்தப் பெயர். நம் ஊரில் சாணித்தாள் என்போமே, ஏறக்குறைய அந்த ஜாதி. கொஞ்ச நாளில் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும், கடைசியில் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கும். அட்டை மட்டும் பளபளவென்று இருக்கும். அதில் ஒரு பெண் அலறிக்கொண்டிருப்பாள், ஒரு ராட்சசன் கை நீட்டுவான், ஒரு கட்டுமஸ்தான ஆள் கத்தியை ஓங்கியிருப்பான்.

ஆரம்பித்து வைத்தவர் ஃபிராங்க் மன்ஸி. 1882-ல் 'கோல்டன் ஆர்கஸி' என்று சிறுவர்களுக்காக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். அது பல வேஷம் மாறி, 1896-ல் மரக்கூழ்த் தாளில், முழுக்க முழுக்கக் கதைகளாக, பத்து சென்ட் விலையில் பெரியவர்களுக்கான 'ஆர்கஸி' ஆனது. தாள் எப்படி இருந்தால் என்ன, கதை நன்றாக இருந்தால் சரி என்பது அவருடைய கணக்கு. பலித்தது. நல்ல வழவழ தாளில் வரும் பத்திரிகைகளை வாங்க வசதியில்லாத குமாஸ்தாக்கள், மில் தொழிலாளிகள், பள்ளிக்கூடப் பையன்கள் எல்லாம் வாங்கித் தள்ளினார்கள். பின்னாலேயே சாகசத்துக்கு ஒன்று, துப்பறிதலுக்கு ஒன்று, கௌபாய்களுக்கு ஒன்று, பேய்க்கு ஒன்று என்று கடை முழுக்கத் தொங்கின.

படித்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அந்த மூக்குகளில் இரண்டின் கதையைக் கேளுங்கள். மென்கென், நாதன் என்று இரண்டு பெரிய விமர்சகர்கள் 'ஸ்மார்ட் செட்' என்ற உயர்தர இலக்கியப் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார்கள். அதில் காசு நிற்கவில்லை. என்ன செய்தார்கள்? 1920-ல் 'பிளாக் மாஸ்க்' என்று ஒரு மலிவுப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். எட்டு இதழ் நடத்தி, நல்ல லாபத்துக்கு விற்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். உயர்ந்த இலக்கியத்துக்குப் பால் ஊற்றியது சாணித்தாள்தான்! அதே பிளாக் மாஸ்க்கில்தான் 1929-ல் டாஷியல் ஹாமெட்டின் 'மால்ட்டீஸ் ஃபால்கன்' தொடராக ஆரம்பித்தது. 1933-ல் ரேமண்ட் சாண்ட்லரின் முதல் துப்பறியும் கதை வந்தது. இன்றைக்கு இருவரையும் பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படிக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இலக்கியத் தரத்தைப் பற்றி இல்லை. கூலியைப் பற்றி. மூன்று பேரின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

முதல் ஆள் எட்கர் ரைஸ் பரோஸ். கைவைத்த தொழில் எதுவும் தேறாமல், முப்பத்தைந்து வயதில் பென்சில் சீவும் கருவி விற்கும் வியாபாரத்தில் உட்கார்ந்திருந்தார். பல்ப் பத்திரிகைகளில் விளம்பரம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் புரட்டியவர், பக்கத்துக் கதைகளையும் படித்தார். 'இந்தக் குப்பைக்கே காசு தர்றாங்கன்னா, இதைவிட நல்ல குப்பை நானே எழுதுவேனே' என்று தோன்றியது. எழுதினார். செவ்வாய் கிரகத்தில் ஒரு சாகசம். 1912-ல் 'ஆல் ஸ்டோரி' அதைத் தொடராகப் போட்டு 400 டாலர் கொடுத்தது. அதே வருஷம் அக்டோபரில் இன்னொரு கதை, 700 டாலர். அந்தக் கதையின் பெயர் டார்ஜான். பரோஸ் விற்றது பத்திரிகையில் ஒரு முறை வெளியிடும் உரிமையை மட்டும்தான். மிச்சத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். 1923-ல் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். கலிஃபோர்னியாவில் அவர் வாங்கிய பண்ணையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு இன்றைக்கும் 'டார்ஜானா' என்று பெயர். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். இந்த மனிதர் கணக்குப் பார்த்தார், ஊரே மிஞ்சியது.

இரண்டாவது ஆள் நேர் எதிர். ஹெச்.பி. லவ்கிராஃப்ட். பிராவிடன்ஸ் நகரில் வாழ்ந்து கெட்ட குடும்பம். கனவானாகப் பிறந்தவன் காசு பேசக் கூடாது, மனசுக்குப் பிடித்ததை எழுதினால் போதும் என்ற கொள்கை. 1923 மார்ச்சில் சிகாகோவில் 'வியர்ட் டேல்ஸ்' என்று பேய், மாந்திரீகம், மாயாஜாலத்துக்கென்றே ஒரு பத்திரிகை பிறந்தது. அவருடைய பெரும்பாலான கதைகள் வந்தது அதில்தான். ஒரு கதை திரும்பி வந்தால் சண்டை போட மாட்டார். மனசொடிந்து அலமாரியில் போட்டுவிடுவார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பிரபலமான 'கதுலூ' கதையைக்கூட வியர்ட் டேல்ஸ் முதலில் வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. பிறகு மனம் மாறி 1928-ல் போட்டது.

1924-ல் மாஜிக் நிபுணர் ஹூடினியின் பெயரில் ஒரு கதை எழுதித் தரச் சொல்லி 100 டாலர் கிடைத்தது. எழுதி, டைப் அடித்து, கல்யாணத்துக்காக நியூயார்க் கிளம்பியவர் ரயில் நிலையத்தில் டைப் பிரதியைத் தொலைத்துவிட்டார். நல்லவேளை, கைப்பிரதி பத்திரமாக இருந்தது. தேனிலவில் மனைவி சோனியா அதைப் பார்த்து வாசிக்க, மாப்பிள்ளை டொக்கு டொக்கென்று திரும்ப டைப் அடித்தார். காசு வேண்டாம் என்கிற கனவானுக்கும் கெடு உண்டு, பாருங்கள்.

1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேசிங் ஸ்டோரிஸ்' தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே வந்த முதல் பத்திரிகை. அடுத்த வருஷம் லவ்கிராஃப்ட்டின் கதை ஒன்றைப் போட்டார். அவருடைய மிகச் சிறந்த கதைகளில் ஒன்று அது. பலர் மிகச் சிறந்தது என்றே சொல்வார்கள். கடிதம் மேல் கடிதம் போட்ட பிறகு வந்த தொகை 25 டாலர். வார்த்தைக்கு அரை சென்ட்கூட இல்லை, சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு! அதற்கப்புறம் காசு பேசாத கனவான் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களில் கெர்ன்ஸ்பேக்கை 'எலி' என்றுதான் குறிப்பிட்டார்.

1937 மார்ச் 15 அன்று லவ்கிராஃப்ட் புற்றுநோயால் இறந்தார். வயது 46. உயிரோடு இருந்தபோது புத்தகம் என்று வந்தது ஒன்றே ஒன்று. சுமார் 200 பிரதிகள், பக்கத்துக்குப் பக்கம் அச்சுப்பிழை.

மூன்றாவது ஆள்தான் என்னைத் தொந்தரவு செய்கிறவர். ராபர்ட் ஈ. ஹோவர்ட். டெக்ஸாஸில் கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சின்ன ஊர். பதினெட்டு வயதில், 1924-ல், முதல் கதை வியர்ட் டேல்ஸில் தேறியது. 16 டாலர். ஆனால் அந்தப் பத்திரிகையில் ஒரு வழக்கம். கதையை ஏற்றுக்கொண்டதும் காசு கிடையாது. அச்சில் வந்த பிறகுதான். அந்த முதல் கதை வந்தது 1925 ஜூலையில். அதுவரை பையன் காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தார். எழுதிக்கொண்டே இருந்தார். குத்துச்சண்டைக் கதை, கடல் கதை, கௌபாய் கதை, பேய்க் கதை. வாக்கியங்களை உரக்கக் கத்திக்கொண்டே டைப் அடிப்பாராம். 1932 டிசம்பரில் கோனன் என்ற காட்டுமிராண்டி வீரனை அறிமுகப்படுத்தினார். அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் வாளோடு நிற்கும் படம் ஞாபகமிருக்கிறதா? அந்தக் கோனன்தான்.

ஹோவர்டுக்கு எழுத்து பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. அம்மாவுக்குக் காசநோய். வைத்தியச் செலவு ஏறிக்கொண்டே போனது. பத்திரிகையோ காசைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது. 1935 மே மாதம் வியர்ட் டேல்ஸ் ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அம்மாவின் உடல்நிலை, வீட்டு நிலைமை எல்லாம் சொல்லி, தனக்கு வர வேண்டிய பாக்கி 800 டாலருக்கு மேல் நிற்கிறது, தயவுசெய்து ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டிருந்தார். வார்த்தைக்கு ஒரு சென்ட் என்று வைத்தால்கூட 800 டாலர் என்பது எண்பதாயிரம் வார்த்தை. ஒரு முழு நாவல். எழுதிக் கொடுத்தாயிற்று, அச்சாயிற்று, ஊரெல்லாம் படித்தாயிற்று. காசு மட்டும் வரவில்லை.

1936 ஜூன் 11. அம்மா இனி நினைவு திரும்பமாட்டார் என்று தெரிந்த காலையில் ஹோவர்ட் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது முப்பது. மறுநாள் அம்மாவும் போனார். பாக்கிப் பணம்தான் அவரைக் கொன்றது என்று சொன்னால் அது பொய். ஒரு மனிதனின் கடைசி முடிவுக்கு ஒற்றைக் காரணம் சொல்லும் யோக்கியதை யாருக்கும் இல்லை. நமக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். அவர் இறந்தபோது வியர்ட் டேல்ஸ் அவருக்கு ஆயிரம் டாலருக்கு மேல் பாக்கி வைத்திருந்தது.

சரி, வில்லன் யார்? ஃபார்ன்ஸ்வொர்த் ரைட்டா? ஆளைப் பாருங்கள். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும்; கடைசிக் காலத்தில் கையெழுத்துக்கூடப் போட முடியவில்லை. 1924 முதல் 1940 வரை அந்தப் பத்திரிகையை உயிரோடு காப்பாற்றியவர் அவர்தான். 1940-ல் அவரையும் வேலையிலிருந்து எடுத்தார்கள். சில மாதங்களில் இறந்துபோனார். பத்திரிகை தொடங்கிய ஹென்னபெர்கரா? அவர் முதல் வருஷமே கடனில் மூழ்கினார். மாளிகை கட்டியவர் யாருமில்லை.

ஆனால் அந்தக் கடன் கதையில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. பத்திரிகை தடுமாறியபோது அச்சகக்காரருக்கும் பெரிய பாக்கி நின்றது. அவருக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? பாக்கிக்கு ஈடாகக் கம்பெனியின் பெரும்பங்கையே அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள்! ஏன்? அவர் மெஷினை நிறுத்தினால் பத்திரிகை வராது. பேப்பர் வியாபாரி கடன் தரவில்லை என்றால் பத்திரிகை வராது. எழுத்தாளன்? அவன் எங்கே போய்விடப் போகிறான்! காசு கொடுக்காவிட்டாலும் எழுதுவான். அவனுக்குத்தான் அது ஆசையாயிற்றே.

கவனியுங்கள், இதுதான் விஷயம். பாக்கி வைக்கும்போது யாருக்கு வைப்பது என்று நாம் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பதில்லை. யார் வேலையை நிறுத்தமாட்டார்களோ அவர்களுக்கு வைக்கிறோம். வேலையை நேசிப்பவன் வரிசையில் கடைசி ஆள். அவனுடைய பிரியத்தை நாம் தள்ளுபடியாக எடுத்துக்கொள்கிறோம்.

கெட்டவன் செய்யும் அநியாயத்தைவிட இது பயங்கரமானது என்று எனக்குத் தோன்றுகிறது. கெட்டவனை அடையாளம் காட்டலாம். இங்கே எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் கஷ்டத்தில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் பத்திரிகை மேல் பாசம். அந்தப் பாசத்தின் பில் மட்டும் ஒருத்தர் மேசைக்குப் போகிறது.

கஷ்டத்தில் இருந்ததால்தான் இப்படி, பணம் கொழித்திருந்தால் கொடுத்திருப்பார்கள் என்கிறீர்களா? பல்ப் கதைகளைப் படித்தே வளர்ந்த ஜெர்ரி சீகல் என்ற பையனும், ஜோ ஷஸ்டர் என்ற அவன் நண்பனும் 1938-ல் தாங்கள் உருவாக்கிய ஒரு கதாபாத்திரத்தின் உரிமையை மொத்தமாக 130 டாலருக்கு விற்றார்கள். கதாபாத்திரத்தின் பெயர் சூப்பர்மேன். வாங்கிய கம்பெனிக்குப் பின்னால் இருந்தவர் ஹாரி டோனன்ஃபெல்ட், பல்ப் பத்திரிகைத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். சூப்பர்மேன் கோடி கோடியாகச் சம்பாதித்தான். முதுமையில் கஷ்டப்பட்ட இருவருக்கும் 1975-ல்தான், பெரிய போராட்டத்துக்குப் பிறகு, வருஷத்துக்கு ஆளுக்கு 20,000 டாலர் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் சட்டப்படி 130 டாலருக்கு மேல் எதுவும் தர வேண்டியதில்லை. காகிதத்தில் கையெழுத்துப் பக்காவாக இருந்தது. ஆக, காசு இல்லாதவனும் தரவில்லை, இருந்தவனும் தரவில்லை.

இந்த இடத்தில் யாராவது ஒருத்தர் எழுந்து, "கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதேன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று கேட்பார். நல்ல கேள்வி. அந்த உபதேசத்தில் எனக்கு மரியாதை உண்டு. லவ்கிராஃப்ட் அப்படித்தான் வாழ்ந்தார்; அதனால்தான் யாருக்காகவும் தன் கதைகளை நீர்த்துப்போக விடவில்லை. ஆனால் அதை யார், யாரிடம் சொன்னது என்று கொஞ்சம் பாருங்கள். சொன்னவர் முதலாளி இல்லை, தேரோட்டி. அவரும் கூலி வாங்காமல் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தவர். பலனை எதிர்பாராதே என்பது நான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய வாக்கியம். அப்போது அது தத்துவம். அதையே நான் காசு கொடுக்க வேண்டிய ஆளிடம் சொன்னால், அதற்குப் பெயர் தத்துவம் இல்லை. ஏமாற்று.

"அதான் இப்ப புகழ் கிடைச்சிருக்கே சார்!" என்பார் இன்னொருவர். கிடைத்திருக்கிறது. லவ்கிராஃப்ட் இறந்து இரண்டு வருஷத்தில் நண்பர்கள் டெர்லெத்தும் வான்ட்ரேயும் அவர் கதைகளுக்காகவே 'ஆர்காம் ஹவுஸ்' என்று ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். 1977-ல் ரசிகர்கள் காசு சேர்த்து அவருக்கென்று தனிக் கல்லறைக் கல் வைத்தார்கள். கதைகளின் மூலப் பிரதிகளைத் தேடிப் பிழை திருத்தி, விரிவான வாழ்க்கை வரலாறும் எழுதியவர் எஸ்.டி. ஜோஷி; 1958-ல் புனேயில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர். 2005-ல் அமெரிக்காவின் பேரிலக்கியங்களைத் தொகுக்கும் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா வரிசையில் லவ்கிராஃப்ட் சேர்ந்தார். வார்த்தைக்கு அரை சென்ட் பெறாத வார்த்தைகள், இப்போது நூறு வருஷம் நொறுங்காத உயர்ந்த தாளில்!

ஆனால் புகழ் வேறு கணக்கு, கூலி வேறு கணக்கு. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றை நேர் செய்ய முடியாது. இதற்கு வரலாறே ஒரு வேடிக்கை செய்து காட்டியிருக்கிறது. விஞ்ஞானக் கதைகளுக்கு உலகின் மிகப் பெரிய விருது எது? ஹியூகோ. ஆமாம், அந்த 25 டாலர் ஹியூகோதான்! 1975-ல் தொடங்கிய உலக ஃபேன்டசி விருதுக்குக் கேடயமாக வைத்தது யார் தலை? லவ்கிராஃப்ட். கொடுக்காதவர், பெறாதவர் இரண்டு பேர் பெயரிலும் விருது.

அதோடு முடியவில்லை. லவ்கிராஃப்ட் மோசமான இனவெறியர். கறுப்பர்களையும் வந்தேறிகளையும் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால் கூசும். 2011-ல் அந்த விருதை வாங்கிய நெடி ஒகோராஃபர், நைஜீரியப் பெற்றோரின் மகள். என் இனத்தையே இழிவாக எழுதியவரின் தலையை வீட்டு அலமாரியில் எப்படி வைப்பது என்ற சங்கடத்தை வெளிப்படையாக எழுதினார். விவாதம் வளர்ந்தது. 2015-ல் அந்தத் தலையை விருதிலிருந்து எடுத்துவிடுவதென்று முடிவானது. எதிர்ப்புத் தெரிவித்து ஜோஷி, தான் வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார்.

எடுத்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மரியாதை என்பது ஒவ்வொரு தலைமுறையும் திரும்ப எண்ணிப் பார்க்கக்கூடியது. கொடுத்ததை எடுக்கலாம், எடுத்ததைக் கொடுக்கலாம். கூலி அப்படி இல்லை. 'இந்த ஆள் இனவெறியன், ஆகவே 1927-ல் இவனுக்கு 25 டாலர் கொடுத்தது நியாயம்' என்று சொல்ல முடியுமா? கெட்டவனுக்குக் கொடுக்க வேண்டிய கடனும் கடன்தான். கூலி நல்ல குணத்துக்குத் தரும் பரிசு இல்லை, வேலைக்கான விலை. அதனால்தான் அது புகழைவிடச் சின்னதாகத் தெரிந்தாலும், புகழைவிடக் கறாரானது.

இரண்டாம் உலகப் போரில் தாள் பஞ்சம், பிறகு காமிக்ஸ், பேப்பர்பேக் நாவல்கள், டெலிவிஷன். ஒவ்வொன்றாகப் பல்ப் பத்திரிகைகள் கடை கட்டின. வியர்ட் டேல்ஸ் 1954 செப்டம்பரோடு நின்றது. பிறகு பல முறை உயிர்ப்பித்தார்கள். அது வேறு கதை. ஹோவர்டின் கோனன் புத்தகமாக, காமிக்ஸாக, சினிமாவாகச் சம்பாதித்ததற்கு அளவில்லை. 800 டாலர் கேட்டுக் கடிதம் எழுதிய பையனுக்கு அதில் ஒரு சென்ட் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நாம் ஹியூகோவைத் திட்டலாம், சுலபம். அதைவிட ஒரு சின்ன வேலை சொல்கிறேன். உங்கள் வட்டாரத்தில் யார் வேலையை ஆசையோடு செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டு டீச்சர். 'உங்க பொண்ணு நல்லா பாடுறா' என்று கூடுதலாக அரைமணி நேரம் உட்கார்பவர். உங்கள் அளவை மனப்பாடமாக வைத்திருக்கும் டெய்லர். நள்ளிரவில் போன் செய்தாலும் அலுக்காத கம்பவுண்டர். கல்யாண ஆல்பத்தை மூன்று தடவை மாற்றிக் கொடுத்த போட்டோகிராபர். 'உங்ககிட்ட என்ன சார் காசு, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொல்வது இவர்களில் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்த 'அப்புறம்' எத்தனை மாதமாக நிற்கிறது என்று பாருங்கள். கரன்ட் பில், கேபிள் காசு எல்லாம் தேதி தவறாமல் போயிருக்கும். அவர்கள் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். பாட்டு டீச்சர் துண்டிக்கமாட்டார். அடுத்த வெள்ளிக்கிழமையும் சிரித்துக்கொண்டே வருவார்.

அவர் வருவதற்குள் கவரில் போட்டு வைத்துவிடுங்கள்.